மழைக்கு முன்பே எழுத வேண்டிய பட்டியல்

2023 டிசம்பர் 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணியில் பெருகிய வெள்ளத்தோடு, உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்குச் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, செல்பேசியில் சிக்னலும் இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்து சேரும் முன்பே, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து, தண்ணீரில் நடந்து போய் அந்தப் பயணிகளின் பசியை ஆற்றினார்கள்.

அவர்களை யாரும் தன்னார்வலர் என்று பதிவு செய்திருக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குப் படகுகளைக் கொண்டுவந்த மீனவர்களும் அப்படித்தான். 2018-ல் கேரள வெள்ளத்தில் லாரிகளில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு போன மீனவர்களும், அதே ஆண்டு கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவுக்கு ஓடிய இளைஞர்களும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. உதவும் மனசுக்கு நம் ஊரில் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோதும், ஓய்வுக்குப் பிறகும், தாமிரபரணிக் கரை ஊர்களில் மீட்புப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் கண்ட குறை ஒன்றுதான்: உதவ வரும் கைகள் ஏராளமாக இருக்கின்றன, எந்தக் கை எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த வேலைக்கு ஏற்றது என்பதை யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. தேடிப் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடுகிறது.

இரவு இரண்டு மணிக்கு ஊரில் யார்?

பேரிடர்த் தன்னார்வலர் என்றதும் நம் அலுவலகங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரி. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை என்று ஏற்கெனவே அணிவகுத்து நிற்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் முகாம் போட்டு, பனியன் கொடுத்து, படம் எடுத்து முடித்துவிடலாம். அந்தப் பிள்ளைகளின் ஆர்வத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால், ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் ஏறும் இரவு இரண்டு மணிக்கு அவர்களில் பலர் விடுதியில் இருப்பார்கள். படிப்பு முடித்தவர்களோ திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருப்பார்கள்.

அதனால், ஒரு ஊருக்குள் போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அந்த நேரத்தில் இந்த ஊரில் யார் இருப்பார்கள்? பதில் எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. விடியும் முன்பே பால் கறக்கப் போகிறவர், டீக்கடை நடத்தும் அக்கா, டிராக்டர் வைத்திருப்பவர், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வயரிங் வேலை செய்பவர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, குளத்து மடையைத் திறந்து மூடத் தெரிந்த பெரியவர். இவர்கள்தாம் ஊரை விட்டு நகராதவர்கள். இவர்களில் பலர் பயிற்சி முகாம் வாசலைக்கூட மிதித்ததில்லை. காரணம், யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடும் விதமும் முக்கியம். சுவரொட்டி ஒட்டி, மைக்கில் அறிவித்துக் கூட்டம் சேர்த்தால் வருகிறவர்கள் வேறு. நமக்கு வேண்டியவர்கள் வேறு. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று, "ராத்திரி ஒரு ஆபத்துன்னா நீங்க முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?" என்று பலரிடம் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்களைத் தேடி வீட்டுக்கே போக வேண்டும்.

போய், "வாங்க, சேவை செய்யலாம்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வேலை நடக்காது. "அண்ணாச்சி, கீழத்தெருவில் எழுந்து நடக்க முடியாத பெரியவங்க நாலு பேர் இருக்காங்க. மழை எச்சரிக்கை வந்ததும் உங்க டிராக்டரில் ஏத்திப் பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்க்கணும். அது உங்க பொறுப்பு. முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றோ முடியாது என்றோ நேரான பதில் வரும். முடியாது என்று சொல்பவரும் நமக்கு உதவியே செய்கிறார். அந்தப் பொறுப்புக்கு வேறு ஆளை அன்றைக்கே தேடத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்கள் சாதி வாரியாகத் தெரு பிரிந்து கிடப்பவை. குழுவில் ஒரே தெருவின் ஆட்கள் மட்டும் இருந்தால், படகும் சாப்பாடும் அந்தத் தெருவுக்குத்தான் முதலில் போகும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவான உண்மை. அதை மறந்துவிட்டுக் குழு அமைக்கக் கூடாது. ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் குறைந்தது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இல்லாத குழுவை ஊர்க்குழு என்று ஏற்கவே கூடாது. பள்ளமான இடத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில்தான். தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லோரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்

மீட்பு என்றாலே கயிற்றைக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் குதிப்பது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதனால் பெண்களும் வயதானவர்களும் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு வெள்ள இரவில் தண்ணீரில் இறங்கிச் செய்யும் வேலை மிகச் சிறியது. எச்சரிக்கையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது ஒரு வேலை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் ஒரே செய்தியை ஒரே மாதிரி சொல்ல வைப்பது இன்னொரு வேலை. மின்சாரம் போனால் அதுவும் நடக்காது; கையில் பிடிக்கும் பேட்டரி மைக்கோடு ஓர் ஆள் தெருத்தெருவாக நடக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுத்த படுக்கையாக இருப்பவர் எந்தெந்த வீட்டில் என்று காகிதத்தில் எழுதி வைத்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. அந்த விவரம் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் இருப்பதுபோல் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். மாட்டை விட்டு வர மாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகாமில் உலை வைக்க, வந்த பொருளுக்குக் கணக்கு எழுத, அழுகிற குழந்தைகளைக் கவனிக்க என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன.

இப்படிப் பிரித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1970 நவம்பரில் வீசிய போலா புயல் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் பலிகொண்டது. அதன் பிறகு, அரசும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து கடலோரக் கிராமங்களில் புயல் முன்தயாரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. இன்று அதில் 76,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கை சொல்பவர், புகலிடத்துக்கு அழைத்துப் போகிறவர், மீட்பவர், முதலுதவி செய்பவர் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. புயலின் கடுமைக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகளை ஏற்றுகிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். 2007-ல் சித்ர் என்ற கடும்புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரம்தான். ஆனாலும் 1970-ஐ நினைத்துப் பார்த்தால் எத்தனை லட்சம் உயிர்கள் தப்பின என்பது விளங்கும். புயல் காப்பகங்களும் கரைகளும் வானிலை முன்னறிவிப்பும் அதற்குக் காரணம். முன்னறிவிப்பைக் குடிசை வாசல் வரை கொண்டுபோய், கிளம்பத் தயங்குகிறவரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது அண்டை வீட்டுத் தன்னார்வலர்.

தன்னுயிர் முதலில்

1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரை நிலநடுக்கம் குலைத்தபோது, எந்தப் பயிற்சியும் இல்லாத மக்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து 800-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு மீட்டார்கள். அந்த முயற்சியில் தன்னார்வலர்களே 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை குடிமக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது அந்த நாடு முழுக்கப் பரவியது. நல்ல மனசோடு ஓடி வருகிறவரை அப்படியே ஆபத்துக்குள் அனுப்புவது பாவம் என்பது அதன் அடிப்படை.

என் பயிற்சியில் முதல் பாடமும் இதுதான். தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் கரையிலிருந்தே கம்பையோ துண்டையோ நீட்டு. எட்டாவிட்டால், கயிற்றில் கட்டிய காற்றடைத்த டியூபையோ மூடிய காலிக் கேனையோ எறி. அதுவும் முடியாவிட்டால் படகிலோ தெப்பத்திலோ போ. நீந்திப் போவது கடைசி வழி. அதுவும் பயிற்சி பெற்றவர், இடுப்பில் கயிறு கட்டி, கரையில் ஆள் பிடித்திருக்கும்போது மட்டும். பிளாஸ்டிக் குடமும் வாழைத்தண்டும் உயிர் காக்கும் என்பதைக் கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி இருக்கும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவான பாடம்.

தன்னார்வலருக்குக் காப்பீடு கட்டாயம். கூலிக்குப் போகும் ஒருவர் ஊருக்காக இறங்கிக் காலை முறித்துக்கொண்டால், அவர் வீட்டு அடுப்பு எரிவது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராமல், "உங்களைப் போன்றவர்கள்தான் நாட்டின் சொத்து" என்று மேடையில் பேசுவது நியாயமில்லை. பயிற்சி நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், மாதச் சம்பளக்காரர்கள் மட்டுமே தன்னார்வலர் ஆக முடியும்.

வெயில் காலத்தில் நடத்த வேண்டிய வேலை

ஆள் சேர்ப்பதைவிடக் கடினமானது, சேர்ந்தவரைத் தக்கவைப்பது. பெரும்பாலான குழுக்கள் பயிற்சி முடிந்த கையோடு ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடுகின்றன. காலை வணக்கமும் கட்சிச் செய்தியும் ஓடும். ஆறு மாதத்தில் பாதிப்பேர் வெளியேறிவிடுவார்கள். வெள்ளம் வந்த அன்று செல்பேசிக் கோபுரமே வேலை செய்யாது.

தீயணைப்பு நிலையத்தில் அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பிப் பார்ப்போம், பம்பை ஓட்டிப் பார்ப்போம். ஊர்க்குழுவையும் அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் கூடினால் போதும். ஒரு கூட்டத்தில் கயிறு முடிச்சு. அடுத்ததில் ஊரைச் சுற்றி நடந்து, அடைத்துக் கிடக்கும் பாலத்தையும் பலவீனமான குளத்துக்கரையையும் பார்த்து எழுதுவது. இன்னொன்றில் உடம்புக்கு முடியாதவர்களின் பட்டியலைத் திருத்துவது. ஊரை விட்டுப் போனவரின் இடத்தில் புதியவரை எழுதுவதும் அப்போதே நடக்க வேண்டும். விலகுகிறவரிடம் கோபம் காட்டக் கூடாது. பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவருக்கும் காலம் மாறும். நன்றி சொல்லி அனுப்பினால் அவரே நாளை திரும்பி வருவார்.

களத்தில் ஒருவரே உத்தரவு சொல்ல வேண்டும். அவர் இல்லாதபோது அடுத்தவர் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். யாரையும் இரண்டு நாள் தூங்காமல் வேலை வாங்கக் கூடாது. களைத்துப்போனவரின் கண்ணுக்கு ஆழம் தெரியாது. டிராக்டருக்கு டீசல், டார்ச்சுக்கு பேட்டரி, குழுவுக்குச் சாப்பாடு என எதுவும் தன்னார்வலரின் சட்டைப்பையிலிருந்து போகக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு குழுவை உட்காரவைத்துப் பேச விட வேண்டும். பிணத்தைத் தூக்கிய இளைஞன், கை நழுவிப் போனவரை நினைத்து நினைத்துக் குமைவான். அவனைத் தனியே விட்டுவிட்டால் அடுத்த முறை அவன் வர மாட்டான். அதைவிட, அவன் வாழ்க்கையே கலைந்துபோகும்.

வெளியூரிலிருந்து தாமாக வருகிறவர்களையும் ஊர்க்குழுதான் கையாள வேண்டும். ஒவ்வொரு பேரிடரிலும் லாரி லாரியாகப் பொருள் வருகிறது; பெரிய சாலையோரத்து ஊர்களில் பிரெட்டும் பழைய துணியும் குவிய, நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஊர் எல்லையில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு கரும்பலகை போதும். இன்றைக்கு என்ன தேவை, எந்தத் தெருவில் தேவை, எது இனி வேண்டாம் என்பதை எழுதி வைத்துவிட்டால், வந்த உதவி வீணாகாது. வந்தவரும் மனம் நொந்து திரும்ப மாட்டார்.

அரசு செய்ய வேண்டியது

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டம் 2016-ல் சிறிய அளவில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்ற அளவுக்கு விரிந்தது. 12 நாள் பயிற்சி, உபகரணப் பை, காப்பீடு என்று நல்ல அம்சங்கள் அதில் உண்டு. தமிழ்நாடு அரசும் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் முதல்நிலைப் பொறுப்பாளர்களைப் பெயர் குறித்து வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று உதவி எண்களும் இருக்கின்றன.

ஆனால், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய், "உங்க ஊர் முதல்நிலைப் பொறுப்பாளர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் வராது. பட்டியல் மாவட்டத்தில் இருக்கும், ஊர்க்காரருக்குத் தெரியாது. கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் ஏதோ ஓர் அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கும். சாவி வைத்திருப்பவர் வெள்ளத்தின் அக்கரையில் இருப்பார்.

அரசின் வேலையைப் பொதுமக்கள் தலையில் கட்டுவதா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஏரி, குளங்களின் கரையைப் பலப்படுத்துவது, ஆக்கிரமிப்பை அகற்றுவது, அணைத் தண்ணீரைத் திறக்கும் முன் நேரத்தோடு சொல்வது, மீட்புப் படையை அனுப்புவது எல்லாம் அரசின் கடமை. எந்தத் தன்னார்வலரும் அதற்கு மாற்று ஆக முடியாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து நெல்லை சுமார் 600 கி.மீ. படை முன்கூட்டியே வந்து மாவட்டத் தலைநகரில் நின்றாலும், சாலை அறுந்த ஊருக்குள் நுழைய அதற்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் உயிரைக் காப்பது அண்டை வீட்டுக்காரர் மட்டுமே. அவருக்குப் பயிற்சியும் கயிறும் காப்பீடும் கொடுப்பதும் அரசின் கடமைக்குள் வருகிறது.

நான் கேட்பது புதிய திட்டமல்ல. இருக்கும் ஏற்பாட்டில் ஒரு மாற்றம். வழக்கமாக அக்டோபர் 2 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே இருக்கும் நாள் அது. அன்றைய கூட்டப் பொருளில் ஓர் இனத்தை நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும்: ஊர் மீட்புக் குழுவின் பட்டியலை வாசித்து ஒப்புதல் பெறுவது. தெரு வாரியாக, ஆணும் பெண்ணுமாக, யாருக்கு என்ன பொறுப்பு என்று சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கப்படும்போதே அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். ஊர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ‘அவர் துபாய் போயிட்டாரே’ என்று யாராவது சொன்னால், அங்கேயே பெயரை அடித்து மாற்றுப் பெயரை எழுதிவிடலாம். காப்பீடு புதுப்பிக்கப்பட்டதா என்று வி.ஏ.ஓ.வும் ஊராட்சிச் செயலரும் அதே கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். கயிறு, லைஃப் ஜாக்கெட், டார்ச், பேட்டரி மைக் எல்லாவற்றையும் மக்கள் முன்னால் எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். அவை ஊருக்குள்ளேயே, மேடான இடத்தில், இருவரிடம் சாவியோடு இருக்க வேண்டும். பிறகு அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிட வேண்டும். நகரங்களில் இதையே பகுதி சபைகளில் செய்யலாம்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர்கள் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கிவிடலாம். அரசு சொல்லும் வரை ஊர்களும் காத்திருக்க வேண்டியதில்லை, கிராமசபையில் எழுந்து நின்று, "நம்ம ஊர்ப் பட்டியல் எங்கே?" என்று கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை இருக்கிறது. வரும் அக்டோபர் 2-ல் உங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், முதல் பெயராக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.